முதல் முப்பது அடி

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் தூண்டில் கயிறு, அதாவது லைன், செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். வெளிநாட்டில் ஆற்று மீன் பிடிப்பவர்கள் வாங்கும் லைன் அது. இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சிதான் அதில் இரை. பூச்சிக்கு எடையே கிடையாது. லைனின் கனம்தான் தூண்டில் கம்பை வளைத்து, பூச்சியையும் இழுத்துக்கொண்டு பறக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு லைனிலும் முதல் முப்பது அடியை எடை போடுவோம். பிறகு நுனியிலிருந்து பன்னிரண்டு இடங்களில் பருமனை அளப்போம். நுனி மெல்லியது, போகப் போகத் தடித்து, அப்புறம் மறுபடி மெலியும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு டேப்பர் என்று பெயர்.

இதெல்லாம் பயிற்சி வாரத்தில் சொன்னது. கம்பை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மழை பெய்ததா என்பது சத்தியவேடு பஸ்ஸில் ஏறும்போதுதான் தெரியும். இரண்டு வருஷம் வேலையை விட முடியாது என்று பாண்டு. பத்தாவது, டிப்ளமோ ஒரிஜினல்கள் ஆபீஸ் பீரோவில். ஆறாவது மாதமே முடியவில்லை என்று நைனாவிடம் சொன்னேன். வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"சர்டிபிகேட் அவங்க கைல கீது. வுட்டுட்டு வந்து இன்னா பண்ணுவ? பல்ல கடிச்சிக்கினு இரு கண்ணு."

இருந்தேன்.

சூப்பர்வைசர் திருவள்ளூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர். ஆர்டர் குவிந்த ஒரு வாரத்தில் என் மேஜைக்கு வந்தார். "பன்னெண்டு எடமும் அளந்துக்கினு இருந்தா லாரி போயிடும்மா. மூணு எடம் பாரு. மத்தத ஷீட்ல போட்டுடு."

"அது எப்படி சார்?"

"எடை சரியா கீதா? அது போதும்."

முதல் நாள் கை தயங்கியது. அந்த வாரக் கடைசியில் யோசிக்காமலே எண்களை எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தச் சரக்கு திரும்பி வந்தது. வீசினால் ஒழுங்காக விழவில்லையாம். சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி நீளமான பையோடு வந்தார். என்னையும் சூப்பர்வைசரையும் கேன்டீன் பின்னால் இருந்த புல்தரைக்குக் கூப்பிட்டார். பையில் இருந்தது கம்பு. நான்கு துண்டுகளைச் சொருகி, திரும்பி வந்த லைனை மாட்டி, பூச்சிக்குப் பதில் சிவப்பு உல்லன் நூல் ஒன்றைக் கட்டி வீசினார். கம்பு நன்றாகத்தான் வளைந்தது. லைன் நேராகப் போய், கடைசியில் சொத்தென்று புல்லை அடித்தது. அதற்கு முன்னால் செய்த நல்ல சரக்கில் ஒன்றை மாட்டினார். அது சுருள் பிரிந்துகொண்டே போய், உல்லனை மெதுவாக இறக்கியது.

"ஷீட்ல பன்னெண்டும் சரியா இருக்கே. நீங்கதானே அளந்தது?"

சூப்பர்வைசர் கேன்டீன் சுவரைப் பார்த்தார். "ஆமா சார்" என்றேன்.

அதிகாரிக்கு போன் வந்தது. கம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

வீசிப் பார்த்தேன். லைன் என் கழுத்தையே சுற்றியது. பிரித்தெடுத்து மறுபடி வீசினேன். பின்னால் அது முழுக்க நீளும்வரை பொறுத்தபோது உள்ளங்கையை ஒரு கனம் இழுத்தது. அத்தனை மாதமாக எடைக் கருவியில் எண்ணாகப் பார்த்தது அதைத்தான். கெட்ட லைனை மாட்டி வீசினேன். அதே இழுப்பு, அதே கனம். முடிவில் மட்டும் சொத். நுனியை விரலிடுக்கில் வைத்து உருவிப் பார்த்தேன். ஒரு கை நீளத்துக்குள் திடுமென்று தடித்தது. நல்லதில் எங்கே தடிக்கிறது என்றே விரலுக்குப் பிடிபடவில்லை.

சூப்பர்வைசரிடம் சொன்னேன்: "சார், அந்த மூணு எடத்துக்கு நடுவுல தப்பு கீது. நாம அளக்காத எடம்."

"வாய மூடிக்கினு இரும்மா. கையெழுத்து உன்னுது."

சொன்னாலும் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்வேன். அதிகாரி திரும்பி வந்தார். கம்பை நீட்டியபடியே சொல்லிவிட்டேன்: "சார், மூணு எடம்தான் அளந்தேன். மத்தது நானா எழுதினது."

"யார் சொல்லி?"

நான் கழற்றிப் போட்ட லைனைச் சுருட்ட ஆரம்பித்தேன். சூப்பர்வைசர்தான் தொண்டையைச் செருமினார். "நான்தான் சார் சொன்னேன். லாரி நின்னுக்கினு இருந்தது."

அந்தத் துணிச்சலிலேயே கேட்டேன்: "சார், என் சர்டிபிகேட்ட குடுத்தா போயிடறேன்."

"அது என் கைல இல்லம்மா. பாண்டு முடியட்டும்."

இருவருக்கும் மெமோ வந்தது. பன்னிரண்டு இடமும் அளந்தே ஆக வேண்டும் என்று சுவரில் ஒட்டினார்கள். ஒரு ஷிப்டுக்கு இத்தனை லைன் என்ற கணக்கை மட்டும் யாரும் குறைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாதியை அளப்பதற்கே கொடுத்தேன். கம்பு சென்னைக்குத் திரும்பிப் போனது. சில சமயம் அளக்கும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் போகும். "இன்னாடி, கை இழுத்துக்கிச்சா?" என்பாள் பக்கத்து மேஜைக்காரி. ஒன்றுமில்லை என்று அடுத்த எண்ணை எழுதுவேன்.

பாண்டு முடிய மீதியிருந்த மாதங்களை அப்படித்தான் கழித்தேன். சர்டிபிகேட் கைக்கு வந்தது ஒரு உச்சிவெயில் நேரத்தில். சாயங்கால பஸ்ஸில் போகலாமே என்றார்கள். கவரை மார்போடு அணைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தே போனேன்.