அம்மாவின் கையில் இருந்த பெயர்

என் அம்மாவின் பெயர் ரிஸ்பாள். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

ஞானஸ்நானத்தின்போது போதகர் வைத்த பெயர். மரியாள், சாராள், ரூத் எல்லாம் எங்கள் தெருவில் முன்பே தீர்ந்துவிட்டன. வரிசையில் கடைசியாக நின்ற அம்மாவுக்கு, வேதத்தில் யாரும் அதிகம் புரட்டாத பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எபிரேயத்தில் அதற்குத் தணல் என்றும், சூடேறிய கல் என்றும் பொருள் சொல்வார்கள். அந்த ரிஸ்பாள் ஒரு ராஜாவின் மறுமனையாட்டி. அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் அடுத்து வந்த ராஜா பழிக்குப் பழியாகச் சாகக் கொடுத்துவிட்டான். பிணங்கள் மலைமேல் அப்படியே கிடந்தன. அவள் பாறையில் கோணித்துணியை விரித்து உட்கார்ந்தாள். அறுப்புக் காலம் தொடங்கி மழை இறங்கும்வரை, பகலில் பறவையையும் இரவில் மிருகத்தையும் கிட்டே விடவில்லை. கடைசியில் ராஜாவின் காதுக்கே விஷயம் போய், எலும்புகளை அடக்கம் செய்தான்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயர்மேல் அத்தனை பெருமை. மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில், போதகர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டி, முழங்கைக்குக் கீழே அதைப் பச்சை குத்திக்கொண்டாள்.

ரேஷன் கார்டில் வேறு பெயர். எங்கள் தெருவில் எல்லாருக்குமே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, சர்க்காருக்கு ஒன்று. கிறிஸ்தவ வேதத்துக்குப் போனவர்களுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாதே, வேறு என்ன செய்வது?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் எனக்கு அரசு வேலை கூடி வந்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் அது கைநழுவிப் போய்விடும். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தகவல். தெரு வழக்கப்படி சிலுவையை அரிசிப் பானைக்குள் போட்டோம், முருகன் காலண்டரை மாட்டினோம், நான் நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். கை காட்டிக்கொடுத்துவிடும் என்று அம்மா எலவனாசூர்கோட்டைப் பக்கம் நடவுக்குப் போய்விட்டாள். ஆனால் அன்று போராட்டக்காரர்கள் மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். அதிகாரி வரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளில் வந்து இறங்கினார்.

அம்மா வீட்டில் இருந்தாள். வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. சொம்பை வாங்கும்போது அவள் கையை அவர் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா இது? ரிஸ்பாளா? வேதக்காரங்களா நீங்க?”

அம்மா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “இவங்க பக்கத்து வூட்டம்மா சார். எங்கம்மா நடவுக்குப் போயிருக்காங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள். “ஆமாங்க, தண்ணி குடுக்கத்தான் வந்தேன். நல்ல புள்ளைங்க இது. அவங்கம்மா கோயிலு கோயிலா சுத்தும்.”

எனக்குச் சாட்சியும் சொல்லிவிட்டு வெளியே போனாள். அதிகாரி எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் எதிரே துவைக்கிற கல்லில், உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். சொந்த வீட்டுக்குள் வர வழியில்லை.

அவர் போனதும் ஓடினேன். “எழுதிக்கினாரா?” என்றாள். தலையாட்டினேன். “சரி, சோறு துன்ன வா.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. வெட்கக்கேடு, இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

சான்றிதழ் வந்தது, வேலை வந்தது, கள்ளக்குறிச்சியில் மாடி வீடும் வந்தது. அம்மா இறந்தபோது நான் இன்னும் பணியில் இருந்தேன். அலுவலகத்திலிருந்து மாலையோடு வருகிறார்கள் என்று போன் வந்தது. போதகரைப் பின்கட்டில் உட்காரச் சொன்னேன். நானே புடவைத் தலைப்பை இழுத்து அவள் கையை மூடினேன்.

மாலை போட்டவர்களில் ஒருவர், “அம்மா பேரு இன்னா சார்?” என்று கேட்டார்.

ரேஷன் கார்டில் இருந்ததைச் சொன்னேன். துணி விலகிவிடாமல் பிடித்துக்கொண்டேதான் சொன்னேன்.