அத்தானின் கல்லெறி பொறி

காய்கறிக் கடையில் முட்டைக்கோஸை எடுத்தால் அத்தான் அதன் இலையை விரித்துப் பார்ப்பதில்லை, புழு இருக்கிறதா என்று தேடுவதில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை மெல்லத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். பிறகு கண்ணைச் சுருக்கித் தெருக்கோடியைப் பார்க்கிறார். "ஒன்னே கால் கிலோ. காத்து இல்லன்னா அந்த மருந்துக் கடை போர்டு வரைக்கும் போகும்." கடைக்காரர் அதை வாங்கித் தராசில் போடுகிறார். அத்தான் நகர்ந்த பிறகு என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுகிறார். நான் என்ன செய்ய? அக்காவைக் கொடுத்த இடம்.

அவருக்குத் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. இருபத்தாறு வருடமாக ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறார். வேலையில் குறை சொல்ல முடியாது. நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக அவர் பேசுகிற நிதானத்தைக் கேட்க வேண்டும். "ஒன்னும் ஆகாதுங்க. உங்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாரம் தொங்குது. அது உங்களைப் பிடிச்சிட்டிருக்கு" என்பார். அதில் என்ன ஆறுதல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் உள்ளே அழுகை நின்றுவிடும்.

அந்த எதிர்ப்பாரம்தான் மனிதரைக் கெடுத்தது. எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் கோட்டையை முற்றுகையிட்டவர்கள் ஒரு பொறி வைத்திருந்தார்களாம். நீண்ட மரம் ஒன்றை அச்சில் மாட்டி, குட்டைப் பக்கத்தில் பாரப்பெட்டியைத் தொங்கவிட்டு, நீளப் பக்கத்தில் கயிற்றுக் கவணில் கல்லை வைப்பார்களாம். பெட்டி விழும், கல் பறக்கும், மதில் உடையும். "நம்ம லிஃப்டேதான் மச்சான். கொஞ்சம் கோவக்கார லிஃப்ட்" என்கிறார் அத்தான். இதைக் கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார், துக்க வீட்டில் சொல்லியிருக்கிறார், பல் டாக்டர் வாய்க்குள் கருவியை விட்ட பிறகும் சொல்ல முயன்றிருக்கிறார்.

முதலில் மேஜை மேல் வைக்கிற அளவில் செய்தார். பிறகு மொட்டைமாடியில் ஆளுயரத்துக்கு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இயக்கிக் காட்ட என்னைக் கூப்பிட்டார். முன்னால் நிற்பது ஆபத்து என்று சொல்லிப் பின்னால் நிற்க வைத்தார். முட்டைக்கோஸ் பின்னால்தான் வந்தது. என் காதை உரசிக்கொண்டு போய், கீழே நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரின் முகப்பு விளக்கை உடைத்தது. மனிதர் ஓடி வந்தார். பதறிப்போய் வருகிறார் என்றுதான் நினைத்தேன். "பாத்தியா, கவணை மாட்டற கொக்கி அஞ்சு டிகிரி நிமிர்ந்திருக்கு. அதான் சீக்கிரமே விட்டுடுச்சு" என்றார். அடிபட்டதா என்று கேட்டது அக்காதான்.

அக்கா அந்தப் பொறிகளுக்கெல்லாம் வைத்திருக்கும் ஒரே பெயர் 'அது'. "அதுக்கு எண்ணெய் போடறார்." "அதோட பேசிட்டிருக்கார்." முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவளுக்கும் சேர்த்து எனக்குத்தான் கோபம் வருகிறது. பாரப்பெட்டிக்கு எடை போதவில்லை என்று வீட்டில் கனமான சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பழைய இஸ்திரிப்பெட்டி போனது. அவர் தொந்தியைக் குறைக்க நான் வாங்கிக் கொடுத்த இரும்புக் குண்டுகள் போயின. கடைசியில் அக்காவின் தையல் மெஷினே போனது. "பழுதாத்தானே கெடந்துச்சு" என்றார். பழுதுபார்க்கிறவர் வீட்டில் அது ஏன் பழுதாகக் கிடந்தது என்று கேட்டேன்.

அவர்கள் மகள் கல்யாணமாகிப் போனதும் கீழ்த்தளத்தில் அவள் அறை காலியானது. மறு வாரமே அதில் பெரிய பொறி குடியேறியது. அதன் நீண்ட மரம் பதினான்கு அடி. ஒரே மரமாக இருக்க வேண்டும், ஒரு கணுகூட இருக்கக் கூடாது என்று ஏழு மாதம் மரக்கடை மரக்கடையாக அலைந்தார். கிடைத்ததும் ஜன்னல் கம்பிகளைக் கழற்றி அதை நேராக உள்ளே விட்டு, கம்பிகளைத் திரும்பப் பொருத்தினார். நான்கு வருடம் செதுக்கினார், இழைத்தார், அச்சுக்குத் துளை போட்டார். ஊருக்கு வெளியே ஏதாவது மைதானத்தில் ஒரே ஒரு தடவை கல்லெறிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றார்.

இதற்கிடையில் அடுத்த வீட்டுக்காரர் அந்த ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி மதில் எழுப்பினார். அது எழும்புவதை அத்தான் தினமும் நின்று பார்த்தார். கலவை சரியில்லை என்று கருத்துக்கூடச் சொன்னார். மரம் இனி எந்த வழியாக வெளியே போகும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. மதிலை உடைக்கப் பொறி செய்கிறவர் மதிலைக் கவனிக்காமல் விட்ட கதையை யாரிடம் போய்ச் சொல்வது? கதவு வழியாகப் போனால் மாடிப்படிக்குக் கீழே ஒரு திருப்பம். பதினோரு அடிக்கு மேல் எதுவும் அங்கே திரும்பாது. ஒன்பது முறை டேப் வைத்து அளந்தார். அளக்க அளக்க மரம் குறையுமா என்ன? அறையிலும் அது மூலைக்கு மூலை குறுக்கேதான் படுக்கும். வேறெப்படிப் போட்டாலும் சுவரில் இடிக்கும்.

போன மாதம் அக்காவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். ஆறு வாரம் மாடிப்படி ஏறக் கூடாது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகத் தடங்கல் இல்லாத அறை வேண்டும், கழிப்பறை ஒட்டியே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் படுக்கையறை மாடியில். கீழே கழிப்பறையோடு இருப்பது ஒரே அறை. அதில் மரம் படுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காவிடம், "பேசாம எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்றேன். "பத்து நாளா அடுத்தவங்க கட்டில்ல கெடக்கேன்டா. என் வீட்டுக்குப் போகணும்" என்றாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீ அவர்கிட்ட ஒன்னும் சொல்லாத. அவரா எடுக்கட்டும்" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பொறியின் மற்ற மரச்சட்டங்களையெல்லாம் அத்தான் கழற்றி, சாக்கட்டியால் எண் போட்டு, மாடிக்கு ஏற்றியிருந்தார். மரம் மட்டும் கிடந்தது. "சுவத்தோட சாய்ச்சு வச்சிட்டா என்ன மச்சான்? மேல் மூலை வரைக்கும் வரும்."

"நூறு கிலோ மரத்தை அக்கா தலைக்கு மேலயா?"

அப்புறம், திருப்பத்துச் சுவரை இடித்தால் என்ன என்றார். கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். அந்தச் சுவர்தான் மாடிப்படியைத் தாங்குகிறது, பரவாயில்லை என்றால் படியையும் சேர்த்து இடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

மிச்சம் இருந்தது ரம்பம்தான். அதற்கும் அத்தான் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். "மெல்லிசு நுனியில மூணடி அறுத்தா போதும், வெளிய போயிடும். அப்புறமா இரும்புப் பட்டை போட்டுச் சேத்துக்கலாம்." தடித்த பக்கத்திலும் அச்சுத் துளை மூன்றடியில்தான் இருக்கிறது, அங்கே அறுத்தால் என்ன என்று கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டவனைப் போலப் பார்த்தார். "மொத்தப் பாரமும் அச்சு மேலதான் நிக்கும். அங்க அறுத்தா யாராலயும் சேக்க முடியாது. அத்தோட முடிஞ்சுது." நுனிப் பக்கம் பென்சில் கோடு போட்டார். புதன்கிழமை அதை அழித்து அரை விரல் தள்ளிப் போட்டார். வியாழக்கிழமை மறுபடி அழித்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அக்கா வருகிறாள். காலை எட்டு மணிக்குக் கட்டிலை இறக்கப் போனால், மனிதர் ரப்பரும் கையுமாக மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அத்தான், முப்பது வருஷத்துல அவளுக்குன்னு உங்ககிட்ட வேண்டியிருக்கறது ஒரு கட்டில் போடற எடம். பதினொரு மணிக்குள்ள இது காலியாகலன்னா வண்டிய நேரா எங்க வீட்டுக்கு விடச் சொல்லிடுவேன். அப்புறம் திருப்பி அனுப்ப மாட்டேன். நீங்களும் உங்க மரமும் குடித்தனம் பண்ணுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"அவரா எடுக்கட்டும்னு சொன்னா."

ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ரம்பத்தை எடுத்தார். பென்சில் கோட்டைத் தாண்டி, மரத்தின் நீளத்துக்கும் நடந்து, தடித்த பக்கம் போய் மண்டியிட்டார். அச்சுத் துளையின் மேல் ரம்பத்தை வைத்தார்.

"அத்தான், கோடு அந்தப் பக்கம்."

"தெரியும்." அறுக்க ஆரம்பித்துவிட்டார். பாதி இறங்கியதும் மூச்சு வாங்க நிறுத்தினார். "அங்க அறுத்தா பட்டை போட்டுச் சேத்துடலாம்னு தோணிக்கிட்டே இருக்கும் மச்சான். அவ இங்க வலியோட படுத்திருப்பா, நான் பக்கத்துல உக்காந்து பட்டையப் பத்தி யோசிச்சிட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?"

நான் மரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். நான்கு வருடமாக அந்த மரத்தைத் திட்டாத நாளில்லை. இப்போது, அறுக்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. அதற்கும் அவர் மேல்தான் எரிச்சல் வந்தது.

பத்தரைக்கு இரண்டு துண்டுகளும் திருப்பத்தில் திரும்பி வெளியே போயின. கட்டிலைப் போட்டேன். பெருக்கி, ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தேன். சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன், காதில் வாங்கவில்லை. வண்டி வந்துவிட்டது.

அக்கா அறை வாசலில் வாக்கரோடு நின்று பார்த்தாள். கட்டில், ஜன்னல், நடுவில் வெறும் தரை. முதல் அடி வைக்கப் போனாள்.

"இரு, வழுக்கும்" என்று அத்தான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் துடைத்தார். நான் ஏற்கெனவே துடைத்த தரை. அவள் ஓரடி வைத்தாள். அவர் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து அடுத்த அடிக்குத் துடைத்தார்.

"எந்திரிங்க, நான் நடக்கணும்" என்றாள் அக்கா.

"நட, நட" என்றார், எழுந்திருக்காமல். குனிந்த தலையிலிருந்து மரத்தூள் உதிர்ந்து, துடைத்த இடத்திலேயே விழுந்தது. மறுபடி துடைத்தார். வாக்கரை ஊன்றிப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள்.