எட்டுக் கேப்சூல்களும் என் கால் புண்ணும்

"14 ஜூன் 1983. சரோஜாவுக்குப் பல் பிடுங்கியது. கேப்சூல் எட்டு."

"18 ஜூன். என் கால் புண் காய்ந்துவிட்டது."

என் குறிப்பேட்டில் இவ்விரு வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எழுதியபோது இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சரோஜாவுக்கு வந்த நோயோடு மருத்துவமனைக்கு நடப்பவர்களுக்காக இப்போது சேர்த்து எழுதுகிறேன்.

சரோஜா என் மனைவி. மலேசியாவில் பீடோர் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதய வால்வில் (ரத்தம் பின்னோக்கி வராமல் தடுக்கும் கதவு) வடு வைத்துவிட்டுப் போனது. பல் பிடுங்கும்போது வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து அந்த வடுவில் தங்கக்கூடும். அதைத் தடுக்கத்தான் எட்டுப் பென்சிலின் கேப்சூல்கள்.

ஜூலையில் மாலைதோறும் காய்ச்சல். இருமல் இல்லை. ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வீட்டில் துணி காயப்போடும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். மூன்று வாரம் காய்ச்சல் மாத்திரையிலேயே போனது. பிறகுதான் ஈப்போ மருத்துவமனையில் ரத்தம் சோதித்தார்கள். வால்வில் கிருமி குடியேறியிருந்தது. வால்வு கிழிந்தால் ஆள் பிழைப்பது கடினம் என்றார்கள்.

வார்டு டாக்டர் இளைஞர், தமிழர். "பல்லு புடுங்குனப்ப குடுத்த மருந்த முழுசா சாப்பிட்டாங்களா அண்ணே?"

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். "எட்டு, டாக்டர்."

"வாங்குனது எட்டு," என்றாள் சரோஜா, கண்ணைத் திறக்காமல். "சாப்பிட்டது மூணு. மிச்சத்த இவரு கால்ல கொட்டினேன்."

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் சுட்ட புண் அது. கேப்சூலைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவுவது தோட்டத்து வழக்கம். அவள் தூவியபோது நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். யாருடைய கேப்சூல் என்று கேட்கவில்லை.

"பல்லு புடுங்குன எடத்துல வலியே இல்லாம இருந்திச்சி டாக்டர். எனக்கு எதுக்கு மருந்துன்னு நெனச்சிட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. பென்சிலின் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னார். கிருமியைச் சுற்றி ஒரு சுவர் உண்டு, கம்பி வேலி மாதிரி. அதைக் கட்டுபவை நொதிகள் (உயிரணுவில் வேலைகளை நடத்தும் புரதங்கள்). அவற்றில் பல குடும்பங்கள். ஒரு குடும்பம் கம்பியை நீட்டும். இன்னொன்று குறுக்கே முடிச்சுப் போடும். முடிச்சுப் போடும் நொதியில் போய் ஒட்டிக்கொள்கிறது பென்சிலின். முடிச்சில்லாத வேலியோடு வளரும் கிருமி வெடித்துவிடும்.

"அப்ப கிருமிக்கும் வேலை வாங்க கங்காணி இருக்கானா டாக்டர்?" என்றாள் சரோஜா.

"கங்காணி இல்லக்கா. வேலையாளுங்க மட்டும்தான்."

"கொடுத்து வச்ச கிருமிலா."

டாக்டர் சிரித்தார். பிறகு, கட்டிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் இந்த மருந்து கொல்லும் என்றார்; சும்மா கிடப்பது தப்பிவிடும். மருந்தோ சீக்கிரம் சிறுநீரில் போய்விடும். ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, நான்கு வாரம். இடைவெளி விட்டால் வேலி மறுபடி எழும்பும்.

நூற்று அறுபத்தெட்டு ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டேன். மூன்றாம் வாரம் அவள் கைகளில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. காலில் குத்தினார்கள். "ஒங்க கால் நல்லாருக்கா?" என்று என்னைக் கேட்டாள். வேண்டுமென்றே கேட்டாளா, தெரியாது. நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

வால்வு கிழியவில்லை. ஆனால் கசிகிறது. மாடிப்படியில் நான்காவது படியில் நிற்பாள். நானும் நிற்பேன். அவள் நெஞ்சு எத்தனை படிக்குத் தாங்கும் என்பது இப்போது என் கால்களுக்கும் தெரியும். ஒரு நாளை நாங்கள் இப்போது காலை, மாலை என்று பிரிப்பதில்லை. ஆறு, பத்து, இரண்டு என்று ஊசி போட்ட மணிகளால்தான். ஊசி நின்று இரண்டு வருடமாகியும் அந்த நேரங்களில் அவள் கையைத் தடவிக்கொள்கிறாள்.

மிச்ச ஐந்தையும் அவள் விழுங்கியிருந்தால் இது வந்திருக்காதா என்று டாக்டரைக் கேட்டேன். "முழுசா சாப்பிட்டவங்களுக்கும் வந்திருக்கு அண்ணே" என்றார். வேறு இரு மருத்துவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. என் புண் அந்தப் பொடியால் ஆறியதா, தானாகவே ஆறியதா என்பதும் தெரியவில்லை. இரண்டையும் சரிபார்க்க முடியவில்லை என்று அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வடு மட்டும் கணுக்காலுக்கு மேல் இருக்கிறது, வழவழவென்று.