சீர்த்தட்டில் வந்த நுண்ணோக்கி

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு லோரிக்காரர், தங்கை மகளின் சடங்குச் சீரில் செத்த தவளையைப் புட்டியில் போட்டு வைத்தாராம். பிரிஞ்சாங் சந்தையில் பூ விற்பவர் ஒருவர் சொன்னதாக, ஊருக்குப் போய்வந்த தோழி இங்கே லண்டனில் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த லோரிக்காரர் என் தாய்மாமா ஆண்டியப்பன். தட்டில் இருந்தது தவளை இல்லை. இன்னும் நாலு வாய் மாறினால் அது பாம்பாகிவிடுமோ என்ற பயத்தில் இதை எழுதுகிறேன்.

மாமா கோலா தெர்லாவில் ஒரு சீனத் தவுக்கேயிடம், காய்கறிக் கடை முதலாளியிடம், லோரி ஓட்டினார். விடியுமுன் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா வழியாக அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்குவார். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவர். மற்ற மாமாக்கள் மிட்டாய் வாங்கிவந்தால், இவர் உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கொண்டுவருவார். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அதை நூலில் கட்டி மண்ணில் இழுத்து, இரும்புத்தூள் ஒட்டிக் கறுப்பாய் மீசை முளைப்பதைப் பார்த்துக் கூச்சலிடுவோம். ஒருமுறை அட்டை கிழிந்த நிலாப் புத்தகம் வந்தது. என்ன மொழி என்று அவருக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தே வாங்குவார். அண்ணன் லோரியில் கோஸ் ஏற்றுகிறாரா, குப்பை ஏற்றுகிறாரா என்று பெண்கள் அம்மாவைச் சீண்டுவார்கள்.

1977 டிசம்பரில், ஆறாம் வகுப்பு முடித்த கையோடு அக்கா அம்சவல்லி வயதுக்கு வந்தாள். ஜனவரியில் தானா ராத்தா இடைநிலைப்பள்ளியில் சேர வேண்டும். அம்மா இராசம்மா முடியாதென்றுவிட்டார். வயதுக்கு வந்த பிள்ளையைத் தனியாக டவுனுக்கு அனுப்புவதா என்ற பயம் ஒன்று. தேயிலை மலைக்கு அழைத்துப்போனால் கொழுந்தெடுக்க இன்னொரு கை ஆகுமே என்ற நினைப்பு ஒன்று. அக்கா அழவில்லை. ஆறாம் வகுப்புப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டாள், அவ்வளவுதான்.

சடங்கன்று மாமா தட்டுகளோடு வந்தார். புடவை, வளையல், பழம். சீப்பு, குங்குமம், முகக்கண்ணாடி. கடைசித் தட்டின் துணியை விலக்கியதும் சிரிப்பு எழுந்தது. ஈப்போவில் பழைய சாமான் கடையில் வாங்கிய நுண்ணோக்கி. பக்கத்தில் அறிவியல் புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு.

அம்மாவின் முகம் கறுத்தது. "இத எடுத்துக்கிட்டுப் போயிருண்ணே. பள்ளிக்கூடமே இல்லங்கிறேன்."

"தாய்மாமன் வச்ச தட்டுலா இது. வேணாம்னா நானும் வேணாம்னு அர்த்தம். திருப்பிக் குடு, பாப்போம்."

சிரித்தவர்கள் அடங்கினார்கள். தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்பிய வீடு எங்கள் லயத்தில் கிடையாது. அம்மா தட்டை வாங்கிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். கிளம்பும்போது மாமா, தினமும் லோரியின் முன் சீட்டில் பிள்ளையை ஏற்றிப்போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. சம்மதமென்றால் அதற்கு முன் தவுக்கே கடைக்கு ஒரு போன் போட்டால் போதும்.

சனிக்கிழமை அக்கா வெங்காயத் தோலை வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒரே இருட்டு. கடைக்காரன் மாமாவை ஏமாற்றியிருந்தான். அடியிலிருந்து வெளிச்சத்தை மேலே அனுப்பும் கண்ணாடி இல்லை, வெறும் வளையம்தான். புத்தகத்துப் படத்தைப் பார்த்து அக்கா அதைக் கண்டுபிடித்தாள். எங்களுக்குப் படத்தைக் காட்டிவிட்டு விறகெடுக்கப் போய்விட்டாள்.

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீர்த்தட்டில் இருந்த உள்ளங்கையளவு முகக்கண்ணாடியை எடுத்து, வளையத்தில் சாய்த்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். பனி விலகி வாசலில் வெளிச்சம் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டார்.

"இப்பப் பாரு."

அக்கா குனிந்தவள் நிமிரவேயில்லை. "செங்கல் அடுக்குன மாதிரி இருக்கும்மா."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்தக் கண்ண மூடணும்?"

ஞாயிறு சாயங்காலம் அம்மா தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி ராதாகிருஷ்ணனின் வீட்டுக்குப் போய், போன் இருந்த ஆபீசைத் திறந்துவிடும்படி கேட்டார். நாங்களும் கூடப் போனோம். கிராணி தவுக்கே கடை எண்ணைச் சுழற்றி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தார். "என்ன சொல்லப் போற, இராசம்மா?"

"காலையில ரோட்டு முக்குல லோரிய நிறுத்தச் சொல்லணுங்கய்யா. பிள்ள நிக்கும்னு."

அந்தப் பக்கம் மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, கடையைப் பூட்டியிருப்பார்கள், வைத்துவிடு என்றார் கிராணி. அம்மா மாட்டேனென்று தலையாட்டி, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். அக்கா அம்மாவின் தோளோடு ஒட்டி நின்று காதைச் சாய்த்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது.