லினோசாவில் ஓர் அறை

மூன்றாவது கட்டிலின் விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சுவர்ணா விரிப்பை விடாமல் ஒரு விரலால் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"எடியே, நீ இத்தாலிக்குப் போறியாம்?"

பாரிசிலிருந்து அண்ணை ஜெயரூபன். சென்ற வாரம்வரை இந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தார். விரிப்பில் இன்னும் கடற்கரை மணலும் வெயிலுக்குப் பூசும் கிறீமின் மணமும் இருந்தன.

"ஆர் சொன்னது?"

"அம்மாளாச்சிதான் சொன்னவ. ஐயர் மைக்கிலை சொல்ல உலகம் முழுக்கக் கேட்டது."

சுவர்ணா கட்டிலில் உட்கார்ந்தாள்.

மயிலிட்டியில் கடற்கரையோரம் இருக்கும் அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போயிருந்தாள். அவளுடைய அப்பா அந்த அம்மனுக்குச் சொல்லாமல் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை. மழைக்காலத்தில் கரைவலை இழுக்கப் போகிற நாளில்கூட ஒரு தேங்காய் உடைப்பார். போரில் இடம்பெயர்ந்து இருபத்தேழு வருடம் அந்தக் கோயிலை எட்டிப்பார்க்க முடியாமல் இருந்தபோதும், கொழும்புக்குப் போவதென்றால்கூட அம்மா வடக்குப் பக்கம் திரும்பி நின்று அம்மனுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார். சுவர்ணா போகப்போவது இரண்டு கடல் தாண்டி. ஒருவருக்கும் சொல்லாமல் இருக்கலாம். அம்மனுக்குச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அருச்சனைத் தட்டை நீட்டி, ஐயரின் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள். ஐயர் நிமிர்ந்து நின்று, பெயர், பூரட்டாதி நட்சத்திரம், இத்தாலி தேசம், தீவின் பெயர், சமுத்திர யாத்திரை, ஏகாங்கியாக, எல்லாவற்றையும் ராகத்தோடு ஒப்புவித்தார்.

தூணோடு சேர்த்துக் கட்டிய தாங்கியில் தொலைபேசி ஒன்று நின்றது. வெளிநாட்டுச் சனம் பார்ப்பதற்காக வெள்ளிக்கிழமைப் பூசையை நேரலையில் விடுவார்கள். அந்தத் தாங்கியை யாழ்ப்பாணம் போய்த் தேடி வாங்கி, உயரம் பார்த்துக் கட்டியவளே சுவர்ணாதான். அண்ணை கேட்டிருந்தார். அன்றைக்கு அது அவளுடைய கண்ணில் படவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மூண்டு கிழமை உன்னோடை நிண்டனாங்கள். ஒரு சொல்லுச் சொன்னியோ?" அண்ணையின் குரலில் கோபம் இல்லை. சந்தோசமாக இருந்தார். "எங்களுக்குக் கள்ளமாய் வந்து காட்டலாமெண்டு நினைச்சாயாக்கும். நான் எல்லாம் பாத்திட்டன். ஐயர் தீவின்ரை பேரை லினோதம் எண்டு சொல்லிப்போட்டார், பிள்ளையள்தான் தேடிக் கண்டுபிடிச்சதுகள். றூம் ஏதும் எடுத்திருந்தால் விட்டிடு. எல்லாரும் தங்கிற மாதிரி ஒரு வீடு இருக்கு. கீர்த்திகாவுக்கும் சொன்னன். அவையும் லண்டனிலையிருந்து வருகினம்."

கீர்த்திகா சின்னம்மாவின் மகள். ஆவணியின் முதற்பாதியில் அவள் குடும்பம் இங்கே நின்றது. அவர்கள் போன பிறகு அண்ணை குடும்பம். வாகனம் பிடிப்பது, நல்லூருக்குக் கூட்டிப்போவது, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து, மயிலிட்டியில் அவர்கள் பாதி கட்டின வீட்டுக்கு மேசனைத் தேடுவது, காலையில் இடியப்பம், மத்தியானம் நண்டு, இரவு பிட்டு. இப்படிப் பல வருடம். குசினிச் சுவரில் ஆணி ஒன்றில் மூன்று வீட்டுப் பூட்டுகளின் திறப்புகள் தொங்கின. மூன்றும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுடையவை. கிழமைக்கொரு வீடாகப் போய் யன்னல்களைத் திறந்துவிட்டு, கூட்டிவிட்டு, தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு வருவாள். மற்ற நாட்களில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவுவாள். ஐம்பது வயதாகிறது.

லினோசாத் தீவை அவள் அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. தமிழர் இல்லாத இடம் வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கணக்கு. வரைபடத்தில் ஒவ்வோர் ஊராகக் கோயிலும் தமிழ்க்கடையும் தேடினாள். எங்கேயும் ஒரு பிள்ளையார் இருந்தார். மோல்டாவில் கோயில் அகப்படவில்லை, ஆனால் கீர்த்திகாவின் மச்சான் ஒருவன் அங்கே உணவுக்கடையில் வேலை செய்தான். கடைசியில் சிசிலிக்குக் கீழே இந்தப் புள்ளி கிடைத்தது. கறுத்தக் கல், கடும் நிறம் பூசிய வீடுகள், பருப்புத் தோட்டங்கள். கார்த்திகையில் ஆட்கள் வருவது குறைவு, காற்றடித்தால் கப்பல் ஓடாது என்று எழுதியிருந்தது. அதை வாசித்த பிறகுதான் அறைக்கு எழுதினாள். வீட்டுக்காரி பதில் போட்டாள்: அந்த நேரம் இங்கே செய்வதற்கு எதுவும் இல்லை, தெரியும்தானே?

தெரியும் என்று எழுதினாள்.

"குசினி பெரிசு," அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். "அங்கை கணவாய் நல்லாய்ப் பிடிபடுமாம். உன்ரை கையாலை ஒரு பிரட்டல். நீ மிளகாய்த்தூள் மட்டும் கொண்டு வா. இஞ்சை விக்கிற தூள் சரிவராது."

மறுபக்கத்தில் தொலைபேசி கைமாறியது. அண்ணையின் மனைவி உதயகலா.

"மச்சாள், அங்கை ஆரும் இருக்கினமோ?"

"ஆர்?"

"இல்லை, ஆரும் ஆளைக் கீளைப் பாத்து வைச்சிருக்கிறியளோ எண்டு. சொல்லுங்கோ, நான் ஒருத்தருக்கும் மூச்சுவிட மாட்டன்."

"எனக்குக் கேக்குது," என்றார் அண்ணை பின்னாலிருந்து.

"அங்கை ஒருத்தரும் இல்லை மச்சாள். அதுக்குத்தான் போறன்."

உதயகலா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தித் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

சுவர்ணா தலையணை உறையைக் கழற்றி மடித்தாள். துவைக்கப் போகிற உறையை மடிக்கத் தேவையில்லை. மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணை, நீங்கள் வர வேண்டாம்."

"என்ன?"

"வர வேண்டாமெண்டு சொன்னனான். அடுத்த ஆவணி இஞ்சை வாங்கோ. உதுக்கு நான் தனியப் போறன்."

"தனியவோ?" அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நீ அங்கை வருசம் முழுக்கத் தனியத்தானே இருக்கிறாய்?"

சுவரிலிருந்த திறப்புகளை அவருக்கு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் குத்திக்காட்டுவது போலாகும். இவ்வளவு நாளும் ஒன்றையும் குத்திக்காட்டியதில்லை.

"ஓம்," என்றாள். "எண்டாலும் வர வேண்டாம்."

"நாங்கள் உனக்கு என்ன குறை வைச்சனாங்கள்?"

"ஒரு குறையும் இல்லை."

"பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். மாமியோடை கடலிலை குளிக்கப்போறம் எண்டு துள்ளுதுகள். நான் இப்ப என்னெண்டு சொல்லுறது?"

"தெரியாது அண்ணை. நான் களைச்சுப் போனன்."

அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா இரவல் வாங்கிய இடியப்பத் தட்டுகளோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"கொண்ணனோ?"

"ஓம்."

"அழுதவரோ?"

"தெரியாது. வைச்சிட்டார்."

லூர்த்தம்மா தட்டுகளை மேசையில் வைத்தாள். "நீ எங்கடை மாதாவட்டைச் சொல்லியிருக்கவேணும். அவ வாய் திறந்திருக்க மாட்டா."

சுவர்ணா சிரிக்கப் பார்த்தாள். லூர்த்தம்மா விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக உதறினார்கள். மணல் நிலத்தில் கொட்டியது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். வேலைக்குப் போனாள். வழக்கமாகப் பத்து மணிக்குள் கீர்த்திகாவிடமிருந்து ஏதாவது வரும்; வரவில்லை. குடும்பத்துக் குழுவிலும் ஒருவரும் காலை வணக்கம் போடவில்லை. மத்தியானம் திருநெல்வேலிச் சந்திக்கருகே ஒரு ஸ்ரூடியோவில் விசாவுக்குப் படம் எடுத்தாள். படம் எடுப்பவன் காது தெரிய முடியை ஒதுக்கச் சொன்னான், சிரிக்கக்கூடாது என்றான். இத்தாலியில் எந்தச் சொந்தக்காரரிடம் போகிறாள் என்று கேட்டான். இல்லை என்றதும் படத்தை இன்னொருமுறை எடுத்தான். பின்னேரம் மழை பெய்தது. அவள் வந்து சேர்வதற்குள் விரிப்புகள் எல்லாம் நனைந்திருந்தன. திரும்பவும் பிழிந்து விறாந்தையில் போட்டாள். அன்றைக்கு ஆணியிலிருந்த திறப்பொன்றை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகவேண்டிய முறை. போகவில்லை. ஏழு மணிக்கு ஐயர் அழைத்து, தாங்கியின் திருகு கழன்று தொலைபேசி சரிந்து நிற்கிறது, வெள்ளிக்கிழமைக்கு முன்னம் வரமுடியுமோ என்று கேட்டார். பார்க்கிறேன் என்றாள். அதன்பிறகு தொலைபேசி அடிக்கவில்லை. பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, விரிப்பில்லாத கட்டிலில் படுத்தாள்.