ஹாஜி வீட்டு இடுப்பெலும்பு

2020, மார்ச் 14, சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்து பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தன. தெருவெங்கும் சேறு. மலை இருக்க வேண்டிய திசையில் மலையைக் காணவில்லை. இத்தகைய வானிலையில் கோக்-ஜார் கிராமத்தார் அடுப்பை விட்டு நகர்வதில்லை. அன்று மட்டும், நடக்க முடியாதவர்கள்கூட ரப்பர் காலணிகளை மாட்டிக்கொண்டு, நல்ல தொப்பி நனையாதபடி அதன்மேல் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒரே திசையில் நடந்தார்கள். சத்திபல்தி மக்காவுக்கு உம்ரா என்னும் சிறிய யாத்திரை சென்று திரும்பியிருந்தார். ஹஜ் செய்யாமல் உம்ரா மட்டும் சென்றவரை ஹாஜி என்று அழைப்பது முறையன்று; ஆனாலும் ஊர் அவரை அன்று காலையிலிருந்தே ஹாஜி ஆக்கிவிட்டது. அவர் வீட்டில் ஆடு அறுத்திருந்தார்கள்.

துர்குனாலி மட்டும் தம் வீட்டு முற்றத்தில், தமது வேனின் அடியில் மல்லாந்து படுத்து, பழுது இல்லாத ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் பால் லாரி ஓட்டினார். பண்ணை கலைந்த பிறகு ஒரு பழைய வேனை வாங்கி, ஊருக்கும் ஜலாலாபாத் நகரத்துக்கும் இடையே ஓட்டிவந்தார். ஊரில் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த வேன்தான். ஆகவே, தொட்டில் விழாவானாலும் திருமணமானாலும் அவருக்கு அழைப்பு உண்டு. "நான் உட்காராத விரிப்பு இந்த வட்டாரத்துல இல்ல" என்று அவர் சொல்வார். அதில் பொய்யும் இல்லை.

பொய்யில்லாத அந்தப் பேச்சைக் கெடுத்தது ஒரு தர்பூசணி. சென்ற இலையுதிர் காலத்தில், நகரச் சந்தையில் தர்பூசணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த சத்திபல்திக்காகக் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போய், துர்குனாலி வண்டியை எடுத்துவிட்டார். சத்திபல்தி தர்பூசணியைத் தோளில் சுமந்துகொண்டு, மழையில் நனைந்தபடி ஊர் வந்து சேர்ந்தார். மக்காவில் அவர் எல்லாருடைய பிழைகளையும் பொறுத்தருளுமாறு வேண்டியிருக்கக்கூடும். தர்பூசணி அந்த வேண்டுதலில் அடங்கவில்லை. விருந்துக்கு முதல் நாள் மாலை, அவருடைய மருமகள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று அழைத்தாள். துர்குனாலியின் வாசலுக்கு வந்ததும், தலைத்துணியைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவர் அதைப் பார்த்தார். அவர் மனைவி உல்கான் அப்போது மாட்டுத்தொழுவத்தில் இருந்தாள். அவள் பார்க்கவில்லை என்பது ஒன்றே அவருக்கு ஆறுதல்.

"என்ன கிழவா, இன்னும் கெளம்பலியா?" என்று உல்கான் வாசலில் நின்று கேட்டாள். முழங்கால் வலியால் அவள் விருந்துகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். "எனக்கும் சேர்த்து, மக்காவுலேருந்து கொண்டாந்த ஜம்ஜம் தண்ணி ஒரு வாய் வாங்கிட்டு வா. எலும்பையும் அங்கேயே தின்னு தீர்த்துடாதே."

துர்குனாலி எழுந்து, கை கழுவி, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, வேனை எடுத்தார். வேன் ஹாஜி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக நகரத்துக்குப் போயிற்று.

அந்த ஊரில், விருந்தில் தட்டில் விழும் எலும்பே ஒருவரின் மதிப்பு. இடுப்பெலும்பு வயதிலும் மதிப்பிலும் மூத்தவருக்கு, தொடையெலும்பு அவருக்கு அடுத்தவருக்கு, விலா நடுத்தரத்தாருக்கு, முதுகெலும்புத் துண்டு, வந்ததற்காகக் கொடுப்பது. கிடைத்த எலும்பில் கொஞ்சம் கடித்துவிட்டு, மீதியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வெறுங்கையுடன் திரும்புகிறவன் விருந்துக்குப் போகவில்லை என்று பொருள்.

துர்குனாலி நகரத்துக் கசாப்புக் கடையில் ஓர் இடுப்பெலும்பு வாங்கி, தெரிந்த தேநீர்க் கடையில் கொடுத்து வேகவைத்து, பளபளக்கும் பையில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்கு முன் ஊர் திரும்பினார். விலாவோடு திருப்தி அடைந்திருக்கலாம். பொய் என்று முடிவு செய்தபின் கஞ்சத்தனம் எதற்கு என்று தோன்றியிருக்கும். வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, பையை ஆட்டியபடி நடந்து வந்தார்.

எதிர்வீட்டு ஜிப்பார் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பையில என்னண்ணே?"

"என்ன இருக்கும்? இடுப்புதான். வேணாம் வேணாம்னு சொன்னேன். ஹாஜி கேக்கலை. உள்அறையில பக்கத்துலயே உட்கார வெச்சுட்டாரு."

விருந்து பல பந்திகளாக, பல அறைகளில் நடந்ததால், உள்அறையில் யார் இருந்தார் என்பது வெளியே இருந்தவர்களுக்குத் தெரியாது. உல்கான் எலும்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உப்பே இல்ல. மக்காவுக்குப் போயும் அந்த வீட்டுக் கஞ்சத்தனம் போகலை" என்றாள்.

மறுநாள் வேனில் ஒரு சண்டை. ஒஸ்மோன் என்பவர் ஊரின் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். ஹாஜிக்கு வலப்பக்கம் இமாமும் இடப்பக்கம் இவரும் அமர்ந்து, ஆட்டின் இரண்டு இடுப்பெலும்புகளையும் பெற்றிருந்தார்கள். முன் இருக்கையில் அமர்ந்ததும் ஒஸ்மோன் தொடங்கினார்.

"ஏம்பா துர்குன், அந்த எலும்பு எனக்கு விழுந்தது. நீ எங்க இருந்தே?"

பின் இருக்கையிலிருந்து ஜிப்பார் சிரித்தாள். "உங்க எலும்பு எங்கண்ணே? இவரு கையில இருந்ததை நான் பார்த்தேனே."

"அங்கேயே சாப்பிட்டுட்டேன்."

"மொத்தத்தையும்?"

வேன் முழுவதும் சிரித்தது. ஒஸ்மோன் அந்த வாரத்தின் முதல் நாள்கள் முழுவதும், கடையிலும் பள்ளிவாசலிலும், தமக்கு விழுந்த எலும்புக்காக வழக்காடினார். யாரும் நம்பவில்லை.

பிறகு செய்தி வந்தது. ஹாஜிக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, அந்தப் புதிய நோயேதான். வெள்ளை உடுப்பில் கண் மட்டும் தெரிய ஆட்கள் வந்து, அவரையும் குடும்பத்தாரையும் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். தெரு முழுவதும் திரைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தது.

அன்று மாலைக்குள் கடையில் மாவு தீர்ந்தது. பூண்டின் வாசனை இல்லாத வாய் ஊரில் இல்லை. வீட்டுக்கு வீடு, நோயை விரட்டும் என்று அதிராஷ்மான் இலையைச் சட்டியில் போட்டுப் புகைத்தார்கள்; ஜிப்பார் கோழிக்கூட்டையும் விடவில்லை. வேனில் ஏறுகிறவர்கள் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். குளிர்கிறது என்று மற்றவர்கள் மூடச் சொன்னார்கள்.

"ஓட்கா குடிச்சா வராதாம். என் மச்சான் சொன்னான்."

"உன் மச்சானுக்கு எதுக்கும் அதேதான் மருந்து."

"குதிரைப் பால் குமிஸ் குடிச்ச ரத்தம் நம்மது. இதெல்லாம் நம்மகிட்ட நிக்காது."

"இது மார்ச்சு. குதிரை இன்னும் குட்டியே போடலை, குமிஸுக்கு எங்க போறது? கெடந்து சாவலாமா அதுவரைக்கும்?"

வைரஸைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், ஹாஜியின் விருந்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அழைப்பு வரவில்லை என்றால் ஹாஜியோடு ஆயுள் முழுவதும் பேசாதிருந்திருப்பார்கள்; அவர்களே இப்போது அந்தப் பக்கமே போகவில்லை என்றார்கள். ஒருவருக்கு அன்று பல் வலி. இன்னொருவரின் பசு அன்றுதான் கன்று ஈன்றது. அத்தனை பேர் கட்டிப்பிடித்து வாழ்த்திய ஹாஜியை, இப்போது யாரும் தொட்டதே இல்லையாம். துர்குனாலி வண்டியை ஓட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்வதற்கு இவ்வளவு பேருக்கு வாய் வருகிறதே என்று வியந்தார்.

மாவட்டத்திலிருந்து நுர்ஜாத் என்ற பெண் மருத்துவர் வந்தார். முகமூடி, கையுறை, ஒரு பேனா. ஹாஜியின் மருமகள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் காட்டிக்கொடுப்பது அழகன்று என்று எண்ணி, வந்தவர்கள் எல்லாரும் வாசலோடு திரும்பிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தாள். ஹாஜியோ பேசும் நிலையில் இல்லை. 'யார் போனீர்கள்?' என்று நுர்ஜாத் தெருவில் கேட்டபோது, யாருமே போகவில்லை. அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தாம். அடுத்த வீட்டில் கேள்வியை மாற்றினார்.

"அக்கா, ஹாஜி வீட்டு விருந்துல யாருக்கு எந்த எலும்பு விழுந்தது?"

அவ்வளவுதான். பல ஆண்டு மனக்குறை வாயைத் திறந்தது. "என் வீட்டுக்காரருக்கு விலா. அறுபத்திரண்டு வயசு ஆளுக்கு விலா. தொடையைத் தூக்கி அந்தக் கடைக்காரனுக்குப் போட்டாங்க" என்று ஜிப்பார் சொல்லிவிட்டு, பிறகே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எலும்பு உயர உயர, ஹாஜிக்கு அருகில் அமர்ந்தவர் என்று பொருள். நுர்ஜாத் அந்த முறைப்படியே ஆட்களைப் பிரித்தார். முதுகெலும்புக்காரர்கள் வீட்டிலேயே அடங்கியிருக்கலாம். விலாவும் தொடையும் கண்காணிப்பில். இடுப்பெலும்புக்காரர்கள் இருவரும் அன்றே, தனிமைப்படுத்தி வைக்கும் மாவட்ட விடுதிக்கு வர வேண்டும். இதைக் கேட்டதும் ஊரில் யாரும் கண்டிராத பணிவு பரவியது. தொடையெலும்புக்காரர் தமக்கு விழுந்தது முதுகெலும்பே என்றார். ஆண்டுக்கணக்கில் கடைசி வரிசையில் அமர்ந்து முதுகெலும்பே தின்றவர், தம் தகுதி இப்போதாவது ஊருக்குப் புரிந்ததே என்பதுபோல் தலையை நிமிர்த்தினார்.

இமாம் மட்டும் மறுக்கவில்லை. தமக்கு விழுந்தது இடுப்புதான் என்று சொல்லி, பையோடு விடுதி வண்டியில் ஏறிக்கொண்டார். மற்றோர் இடுப்பெலும்பு யாருக்கு என்று கேட்டதற்கு, "விருந்துல அடுத்தவன் தட்டைப் பார்க்கறது என் வழக்கமில்ல, மகளே" என்றார்.

அந்த வாரத்தின் தொடக்கத்தில் எலும்புக்காக வழக்காடிய ஒஸ்மோன், இப்போது அதைத் தாராளமாக விட்டுக்கொடுத்தார். "துர்குனாலிக்குத்தாம்மா. நான் பொறாமையில ஏதோ உளறினேன். ஊரே பார்த்தது, பையை ஆட்டிக்கிட்டு வந்தான்."

ஆக, நுர்ஜாத் துர்குனாலியின் வாசலுக்கு வந்தார். தெரு முழுவதும் இடைவெளி விட்டு நின்றது. ஒஸ்மோன் தோளில் ஒரு பெரிய பையுடன் வேனருகே காத்திருந்தார்.

மருத்துவர் வாய் திறக்கும் முன்பே உல்கான் முந்திக்கொண்டாள். "போனாரு மகளே. இடுப்பெலும்பு கொண்டாந்தாரு. நானும் தின்னேன். என்னையும் கூட்டிட்டுப் போவியா?"

துர்குனாலி யோசித்தார். 'ஆம்' என்றால் வேன் நிற்கும். விடுதியில் அடைபட வேண்டும். ஆனால், இடுப்பெலும்பு தமக்கே விழுந்தது என்று அரசாங்கமே எழுதிக்கொள்ளும். இமாமுக்குப் பக்கத்துக் கட்டிலும் கிடைக்கும். 'இல்லை' என்றால், அழைக்கப்படாதவர் என்பது தெருவுக்குத் தெரிந்துவிடும். பேரன் பேத்திகள் தலையெடுத்த பிறகும் அந்த எலும்புக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். 'ஆம்' என்று சொல்ல உதடு பிரிந்தது.

அப்போது நுர்ஜாத் ஒஸ்மோனைத் திரும்பிப் பார்த்து, "அப்ப ரெண்டு எலும்புக்கும் கணக்கு சரியாப் போச்சு. நீங்க போலாம் அண்ணே. எங்க, நகரத்துக்கா?" என்று கேட்டார்.

"மக வீட்டுக்கு. பேரன் பொறந்து மூணு நாளாச்சு. இன்னும் முகம் பார்க்கலை" என்ற ஒஸ்மோன், கையை வாயில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமுவதுபோல் இருமினார். காலையிலும் முன் இருக்கையில் அப்படித்தான் இருமினார். தூசி என்று சொன்னார். சேறு காயாத சாலையில் தூசி ஏது?

அந்தக் குழந்தையை முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீட்டில் கொண்டுசேர்த்தது துர்குனாலியின் வேன்தான். துணிமூட்டைக்குள் சிவந்த மூக்கு மட்டும் தெரிந்தது அவர் நினைவுக்கு வந்தது.

"மகளே, கொஞ்சம் நில்லு" என்றார். "நான் ஹாஜி வீட்டுக்குப் போகலை."

தெரு சிரித்தது. நுர்ஜாத்தும் சலிப்புடன் மூச்சு விட்டார். "அண்ணே, காலையிலேருந்து இந்த ஊர்ல எல்லாரும் எங்கிட்ட இதைத்தான் சொல்றாங்க."

"அவங்க சொல்றது பொய். நான் சொல்றது நெசம். அந்த எலும்பு ஒஸ்மோனுக்குத்தான் விழுந்தது. அவரை எம் வண்டியில ஏத்த மாட்டேன்."

"டேய், வாயை அளந்து பேசு" என்றார் ஒஸ்மோன். "அப்ப நீ கொண்டாந்த எலும்பு வானத்துலேருந்து விழுந்துச்சா?"

"நகரத்துல வாங்கினேன். தேநீர்க் கடையில வேகவெச்சேன். கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு மகளே. நம்பர் எங்கிட்ட இருக்கு."

உல்கான் தன் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் உப்பு இல்ல" என்றாள் மெதுவாக.

தெருவில் சிரிப்பு அடங்கியிருந்தது. அது நின்ற விதத்திலிருந்தே, இன்னும் பெரிதாக வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஒஸ்மோன் பையைத் தோளிலிருந்து இறக்கிச் சேற்றில் வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், விடுதி வண்டியை நோக்கி நடந்தார்.

நுர்ஜாத் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும்தான் போயிருக்காங்க. பக்கத்துத் தெருவுதானே அண்ணே, நீங்க மட்டும் ஏன் போகலை?"

"என்னைக் கூப்பிடலை" என்றார் துர்குனாலி.