கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஹெல்மெட்

குழித்துறையில் நகைக்கடன் கொடுக்கும் ஒரு கிளையில் பிரீனாவுக்குச் சந்தேகப்படுவதுதான் வேலை. அடையாள அட்டையில் நகை மதிப்பீட்டாளர் என்று இருக்கும். வளையலின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள், உரைகல்லில் இழுப்பாள், கொண்டுவந்தவரின் கண்ணைப் பார்ப்பாள். கவரிங் என்று தெரியாமல் கொண்டுவருகிறவர் கண் ஒரு மாதிரி இருக்கும், தெரிந்தே கொண்டுவருகிறவர் கண் வேறு மாதிரி இருக்கும் என்பாள்.

இந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. மீன் வாங்கினால் செவுளைத் தானே விரித்துப் பார்ப்பாள். சபைக்குப் புதிதாக யாராவது வந்தால், எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று விசாரித்து முடிக்கும்வரை ஆராதனைப் பாட்டில் மனம் நிற்காது. "இவா சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல நிக்கவன்கிட்ட ஆதார் கேப்பா" என்பான் கணவன் எட்சன்.

ஹெல்மெட் அவளுக்குப் பிடிக்காது. முகத்தை மறைக்கிற பொருள் என்பது ஒரு காரணம். கிளையின் கண்ணாடிக் கதவிலேயே 'ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று ஒட்டியிருந்தது. எட்சன் வாங்கிக் கொடுத்த ஹெல்மெட் ஸ்கூட்டரின் கொக்கியில் தொங்கும். போலீஸ் நிற்கும் இடம் வந்தால் மட்டும் தலைக்கு ஏறும்.

"அத வச்சா பொறத்த யாரு வாறாங்கன்னு ஒரு சத்தமும் கேக்காது" என்பாள். மழை நாளில் சால்வையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, துளிகள் ஊசியாகக் குத்தும்போது ஒரு கண்ணை மூடியபடி ஓட்டுவாள்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்து இடவப்பாதி மழை காற்றோடு வந்தது. ஒரு நாள் மதியத்துக்குப் பிறகு வானம் இருண்டு, ஊர் முழுக்கக் கரண்ட் போனது. மேனேஜர் வெளியே போயிருந்தார். இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் பிரீனாவும் காவலாளி ராஜையனும் மட்டும் இருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் பூட்டியிருந்த கடையின் முன்னால் ஒருவன் நின்றான். கறுப்பு மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட், கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தான். கடைக் கூரைக்கடியில் ஒதுங்க இடம் இருந்தும் ஒதுங்காமல், மழையில் நனைந்தபடி கிளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அவன் ரொம்ப நேரமா நிக்கான்" என்றாள் பிரீனா.

ராஜையன் எட்டிப் பார்த்தார். "மழைக்கு நிக்கானாயிருக்கும், பிள்ளே."

"மழைக்கு நிக்கவன் கூரைக்கடியிலல்லா நிப்பான். வண்டியையும் காணல்ல. வலது கைய கோட்டுக்குள்ள வச்சிருக்கான், பாத்தியளா?"

ராஜையன் கம்பை எடுத்துக்கொண்டார். அந்த ஆள் சாலையைக் கடந்தான். நேராக நடக்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தான். படியேறிக் கண்ணாடிக் கதவின் முன் நின்றான். ஆவி படிந்த ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. கண் தெரியாத ஒரு ஆளை எப்படி மதிப்பிடுவது என்று பிரீனாவுக்குத் தெரியவில்லை.

"ஹெல்மெட்டக் கழத்துங்க!" என்று உள்ளிருந்தே கத்தினாள்.

அவன் இடது கையை உயர்த்தி வேண்டாம் என்பதுபோல ஆட்டினான். பிறகு கதவைத் தள்ளினான்.

பிரீனா மேசைக்கடியில் இருந்த பொத்தானை அழுத்தினாள். சைரன் அலறியது. ராஜையன் கதவைத் திறந்த வேகத்தில் கம்பை வீசினார். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் 'டொக்' என்று விழுந்தது அடி. அவன் திருப்பி அடிக்கவில்லை, ஓடவும் இல்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கப் போனார்.

"கழத்தண்டாம்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "எனக்க கழுத்து... அனக்க முடியல்ல. மட்டை விழுந்திட்டு அண்ணா, தென்னை மட்டை."

அவன் பெயர் ஷாஜன், ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் வேலை. ஆற்றங்கரை வளைவில் வரும்போது காற்றில் ஒரு மட்டை முறிந்து தலையில் விழுந்திருக்கிறது. பைக் ஓடைக்குள் போய்விட்டது. போன் தண்ணீரில் செத்துவிட்டது. எழுந்து நடந்து வந்தவனுக்கு, இருண்டு கிடந்த கடைத்தெருவில் வெளிச்சம் தெரிந்த ஒரே இடம் பிரீனாவின் கிளை. தலை சுற்றல் கொஞ்சம் நிற்கட்டும் என்றுதான் எதிரே நின்றிருக்கிறான். கோட்டுக்குள் வைத்திருந்த வலது கையை அவனால் தூக்க முடியவில்லை.

ராஜையன் கம்பைச் சுவரோரம் வைத்துவிட்டு அவனைத் தாங்கிப் பிடித்தார். மேனேஜருக்குப் போனில் விவரத்தைச் சொல்லிவிட்டு, சைரன் கேட்டு வந்த ஆட்டோவில் பிரீனாவும் ஏறினாள். குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தது. இவன் சொல்வது உண்மைதானா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கழுத்தை அசையாமல் தாங்கிப் பிடிக்க, டாக்டர் வாரை வெட்டி மெதுவாக ஹெல்மெட்டை எடுத்தார். உள்ளே இருந்தது மீசை சரியாக முளைக்காத, பயந்த ஒரு முகம். தாடையில் ஒரு கீறல் தவிர காயம் இல்லை. எக்ஸ்ரேயில் தோள்பட்டைக்கு மேலே காறை எலும்பு முறிந்திருந்தது. கழுத்தில் சதைப்பிடிப்புதான்.

"இவரு சொல்றபடி மட்டை விழுந்திருக்குமா டாக்டர்?" என்று தனியாகக் கேட்டாள் பிரீனா.

டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பச்சை மட்டை எவ்வளவு கனம்னு உங்களுக்குத் தெரியாதா? அதும் வண்டி ஓடும்போ. இந்த ஹெல்மெட் இல்லேன்னா, ஆளு பிழைப்பாரான்னுதான் நீங்க என்கிட்ட கேட்டிருப்பீங்க."

அப்போதும் அவளுக்கு ஆறவில்லை. ஹெல்மெட்டின் மேல்பக்கம் விரிசல் விட்டிருந்தது. அது மட்டை விழுந்த விரிசலா, ராஜையனின் அடியா? அம்மாவும் மாமன்மாரும் வந்து ஷாஜனை வீட்டுக்குக் கூட்டிப்போன அவசரத்தில் விட்டுப்போன ஹெல்மெட்டை அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் ஆற்றங்கரை வளைவில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். மட்டை அங்கேயே கிடந்தது. அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தாள், ஒரு கையால் தூக்க முடியவில்லை. ஓடையில் பைக்கின் உடைந்த இண்டிகேட்டர் துண்டுகள் கிடந்தன. அவன் பொய் சொல்லவில்லை.

கிளையில் ஆளில்லாத நேரத்தில் ஹெல்மெட்டின் உள்துணியைப் பிரித்தாள். மேல்விரிசலுக்கு நேர் கீழே தெர்மோகோல் அமுங்கி, உள்ளங்கையளவுக்குக் குழிந்திருந்தது. நகத்தால் அழுத்தினாள், கல்மாதிரி இறுகியிருந்தது. பக்கவாட்டில் கம்பு பட்ட இடத்தில் பெயின்ட் மட்டும் போயிருந்தது. உள்ளே அமுங்கவே இல்லை. தலைக்கு வர வேண்டிய அடியை அந்த வெள்ளைத் தெர்மோகோல் வாங்கி வைத்திருந்தது.

ராஜையனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்பவும் நான் அடிச்சது அடிச்சதுதானே, பிள்ளே" என்றார்.

அதன்பிறகு தன்னுடைய ஹெல்மெட்டின் உள்துணியையும் பிரித்துப் பார்த்தாள். தெர்மோகோல் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய பஞ்சு இருந்தது. எட்சனிடம் அன்றைக்குப் பெரிய சண்டை. "ரோட்டோரத்துல வாங்கினியா?" என்று கேட்டாள். அவன் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். மார்த்தாண்டத்தில் கடை கடையாக ஏறி, ஐஎஸ்ஐ முத்திரையைச் சுரண்டிப் பார்த்து, வாரைப் பிடித்து இழுத்து, தலையில் வைத்து ஆட்டிப் பார்த்து ஒன்று வாங்கினாள். கடைக்காரர், "அக்கா, இது பொண்ணு பாக்கியதவிட மோசமா இருக்கு" என்றார்.

அதை வைத்து மழையில் முதல்முறை ஓட்டியபோது இரண்டு கண்ணும் திறந்திருந்தன. துளிகள் கண்ணாடியில் விழுந்து பக்கமாக ஓடின. பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் அடங்கிக் கேட்டது, ஆனால் கேட்டது. ஆவி படிந்தபோது கண்ணாடியை ஒரு விரற்கடை தூக்கிவிட்டாள்.

கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி ஷாஜன் ஒரு நாள் கிளைக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கேட்டான்.

"இத இனி வைக்கப்பிடாது. உள்ள அமுங்கியாச்சு. இன்னொரு அடி தாங்காது" என்றாள் பிரீனா.

"விரிசல்ல பசை போட்டா போரும்."

"போராது, மக்கா. நான் பிரிச்சுப் பாத்தேன்."

"எதுக்குப் பிரிச்சியோ?" அவன் குரல் மாறியது. "கம்பு பட்ட அடையாளத்த மாத்தவா?"

அவன் கண்ணைப் பார்த்தாள் பிரீனா. நிஜமாகவே சந்தேகப்பட்டான். அவளுக்குக் கோபம் வரவில்லை. கம்பு பட்டது எங்கே, மட்டை விழுந்தது எங்கே என்று தொட்டுக் காட்டினாள். ராஜையனும் எழுந்து வந்து, "நான் அடிச்சது உள்ளதுதான் மக்கா, தப்புதான்" என்றார். ஷாஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை. ஹெல்மெட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

சாரல் குறைந்த ஒரு மாலை, குழித்துறைப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. பிரீனாவின் பக்கத்தில் வந்து நின்ற பைக்கில், ஓடையில் விழுந்து நசுங்கிய டேங்க். தலையில் கண்ணாடியைத் தூக்கிவிட்ட புது நீல ஹெல்மெட், விரிசல் இல்லாதது. ஷாஜன்தான். அவன் ஒருமுறை அவள் பக்கம் திரும்பினான், கண்ணாடி இறக்கிய முகம் அடையாளம் தெரியாமல் முன்னால் பார்த்துக்கொண்டான். தன் கண்ணாடியைத் தூக்கிப் பேசலாமா என்று யோசித்தாள். அதற்குள் வண்டிகள் நகர்ந்தன. அவன் முன்னே போக, அவள் இடைவெளி விட்டு ஓட்டினாள்.